இரவில் திறக்கும் இலைகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மானாவாரி வேளாண்மை பற்றி வெளியான கட்டுரையில், "சில செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் மட்டும் திறந்து தண்ணீரை மிச்சப்படுத்துகின்றன" என்று ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியே நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் ரணகள்ளி இருக்கிறது. இலையைப் பறித்துப் போட்டாலே ஓரங்களில் சின்னஞ்சிறு செடிகள் முளைப்பதால் பிள்ளைகள் அதைக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்பார்கள். என் மாமனார் விடியற்காலையில் ஓர் இலையை மென்று தின்பார். பல் கூசும் அளவுக்குப் புளிப்பு என்பார். ஒருநாள் மறந்துபோய் மாலையில் தின்றவர், புளிப்பே இல்லை, லேசாகக் கசக்கிறது என்றார். ஒரே செடியின் இலைக்கு இரண்டு சுவை எப்படி வரும்?
– இல்லத்தரசி, காரைக்குடி

உங்கள் மாமனாரின் நாக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே செடியின் இலையை மென்று பார்த்து இதையே எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். பெஞ்சமின் ஹெய்ன என்ற அந்த ஜெர்மானியர் மொரேவியத் திருச்சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராகவும் மருத்துவராகவும் பணியாற்றி, 1819இல் சென்னையிலேயே மறைந்தவர். ரணகள்ளி இலை காலையில் கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசந்தும் இருப்பதை அவர் லண்டனுக்கு ஒரு கடிதத்தில் தெரிவித்தார். அது 1815இல் லின்னேயன் சங்கத்தின் ஆய்விதழில் அச்சானது. இன்றும் இத்துறை ஆய்வாளர்கள் தங்கள் துறையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்போது அந்தக் கடிதத்தை மறக்காமல் குறிப்பிடுகிறார்கள்.

அந்தப் புளிப்பு மாலிக் அமிலத்தின் புளிப்பு. பச்சை ஆப்பிளில் இருப்பதும் அதுதான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி, அப்போதே சூரிய ஒளியைக்கொண்டு சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. ரணகள்ளியோ இந்த ஒரு வேலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இரவுக்கும் மறு பாதியைப் பகலுக்கும் வைத்துக்கொள்கிறது. இருட்டிய பிறகு இலைத்துளைகளைத் திறந்து, உள்ளே வரும் வாயுவை 'பெப் கார்பாக்சிலேஸ்' என்ற நொதியின் உதவியால் பிடித்து, மாலிக் அமிலமாக்கி, செல்லின் நடுவே உள்ள பெரிய நீர்ப்பையில் சேமித்துவைக்கிறது. பாடநூல்கள் 'நுண்குமிழ்' என்று குறிப்பிடும் இந்தப் பை, ரணகள்ளி செல்லின் கொள்ளளவில் மிகப் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். இரவு முழுவதும் அமிலம் சேர்ந்துகொண்டே போவதால் விடியும் நேரத்தில் புளிப்பு உச்சத்தில் இருக்கிறது. வெயில் ஏறியதும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. சேமித்த அமிலம் உடைந்து, உள்ளேயே கார்பன் டை ஆக்சைடு வெளிப்பட, செடி மூடிய கதவுக்குப் பின்னால் ஒளிச்சேர்க்கையை முடித்துக்கொள்கிறது. மாலைக்குள் இருப்பு தீர்ந்துவிடுவதால் புளிப்பும் போய்விடுகிறது.

ரணகள்ளி சேர்ந்திருக்கும் குடும்பத்துக்குக் கிராசுலேசி என்று பெயர். ஆகவே இந்த முறை 'கிராசுலேசியன் அமில வளர்சிதைமாற்றம்' என அழைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் இவ்வளவு நீளமாகச் சொல்ல முடியாது என்பதால், அதன் ஆங்கிலச் சுருக்கமான 'கேம்' என்பதையே இனிப் பயன்படுத்துகிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ரணகள்ளியில் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இந்த வகைச் செடிகளை மிகுதியாக மேய்ந்த மாடுகள் இறந்ததுண்டு. உங்கள் மாமனார் இதய நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால், அன்றாடம் தின்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

பகலில் மூடி இரவில் திறப்பதால் அப்படி எவ்வளவு தண்ணீர் மிச்சமாகிவிடும்? எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒரு மழை தவறினாலே பயிர் வாடிவிடுகிறது. இது கணக்கில் வரக்கூடிய மிச்சம்தானா?
– விவசாயி, விளாத்திகுளம்

கணக்கில் வருவது மட்டுமன்று, வியக்க வைக்கும் அளவுக்கு வருகிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகச் சிறு பங்குதான் செடியின் உடலாக மாறுகிறது. மற்றதெல்லாம் இலைத்துளைகளின் வழியே ஆவியாகிப் போகிறது. இதைச் செடியின் ஊதாரித்தனம் என்று எண்ண வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர வேண்டுமானால் துளை திறந்திருக்க வேண்டும். துளை திறந்தால் ஈரம் வெளியே போகாமல் இருக்காது. இந்தப் பண்டமாற்றில் செடி தரும் விலை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நெல், பருத்தி, நிலக்கடலை போன்ற சாதாரண வகைச் செடிகள் 1 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதற்கு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. சோளம், கம்பு போன்றவை 250 முதல் 300 கிராம் வரை இழக்கின்றன. கேம் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும். இரவில் காற்று குளிர்ந்து, ஈரப்பதம் கூடியிருப்பதால் ஆவியாதல் தணிந்துவிடுகிறது. நண்பகலில் துணி உலர்வதற்கும் நள்ளிரவில் உலர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வறட்சி கடுமையானால் இவை இன்னும் ஒரு படி போகின்றன. இரவிலும் துளைகளைத் திறக்காமல், தம் உடலின் சுவாசத்தில் வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடையே இரவில் அமிலமாக்கிப் பகலில் மீண்டும் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்த நிலையில் வளர்ச்சி இல்லை, ஆனால் சாவும் இல்லை. வேரோடு பிடுங்கி வேலியில் எறிந்த கள்ளி மாதக்கணக்கில் பச்சையாகக் கிடந்து, மழை விழுந்ததும் வேர்விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னணியில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ஓர் இரவில் எவ்வளவு அமிலம் சேமிக்க முடியுமோ அந்த அளவுதான் மறுநாளைய உற்பத்தி. பை நிறைந்துவிட்டால் அன்றைய கொள்முதல் முடிந்தது. அமிலத்தைப் பைக்குள் தள்ளுவதற்கும், பிறகு வெளியே எடுத்து உடைப்பதற்கும் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. பெரும்பாலான கேம் செடிகள் மெதுவாக வளர்வதற்கு இவை முக்கியக் காரணங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கும் நிலத்தில் நெல்லோடு போட்டியிட அவற்றால் ஆகாது.

அன்னாசியும் கள்ளி வகையைச் சேர்ந்ததா?
– பள்ளி மாணவி, நாகர்கோவில்

இல்லை. அன்னாசி புரோமிலியா குடும்பம். கள்ளிக்கும் அதற்கும் உறவு மிகத் தொலைவு. ஆனால் அதுவும் கேம் செடிதான். இந்த முறை தாவர உலகில் ஒரே இடத்தில் தோன்றிப் பரவியதன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்களில் தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கிறது. டிராகன் பழம், வனிலாக் கொடி, சோற்றுக்கற்றாழை, ரயில் பாதையோரம் நிற்கும் ஆனைக்கற்றாழை, துவையலுக்குப் பறிக்கும் பிரண்டை ஆகிய அனைத்தும் கேம் செடிகளே. மழைக்காடுகளின் ஆர்க்கிட் செடிகளில் பலவும் இப்படித்தான் வாழ்கின்றன. மழைக்காட்டில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றலாம். மண்ணைத் தொடாமல் மரக்கிளையில் ஒட்டி வாழும் செடிக்கு, மழை நின்ற சில மணி நேரத்திலேயே வறட்சி தொடங்கிவிடுகிறது.

கம்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் வறட்சியைத் தாங்குகின்றனவே, அவையும் இரவில்தான் துளை திறக்கின்றனவா?
– வேளாண் பட்டயப் படிப்பு மாணவர், திண்டுக்கல்

இல்லை, அவை பகலில்தான் திறக்கின்றன. ஆனால் கேம் செடிகள் பயன்படுத்தும் அதே பெப் கார்பாக்சிலேஸ் நொதியை வேறொரு விதமாகப் பயன்படுத்துகின்றன.

எல்லாப் பச்சைச் செடிகளிலும் இறுதியில் சர்க்கரைக்கான வேலையைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. உலகில் மிகுதியாகக் காணப்படும் புரதங்களுள் ஒன்றான இது மிக மந்தமானது. நொடிக்குச் சுமார் மூன்று மூலக்கூறுகளை மட்டுமே கையாளக்கூடியது. அதைவிடப் பெரிய குறை, கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடுவது. அப்படிப் பிடித்ததைச் சரிசெய்வதற்காகச் செடி ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதியை இழக்க நேரிடுகிறது; வெப்பம் ஏற ஏற இந்த இழப்பும் ஏறுகிறது. நெல்லும் கோதுமையும் இந்த இழப்போடுதான் வாழ்கின்றன. முதலில் உருவாகும் பொருளில் மூன்று கார்பன் அணுக்கள் இருப்பதால் இவற்றை 'சி-3' செடிகள் என்கிறோம்.

கம்பு, சோளம், கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை 'சி-4' செடிகள். 1960களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை ஆராய்ந்து இந்தப் பாதையைத் தெளிவுபடுத்தினர். இலையின் வெளிப்பக்கச் செல்களில் பெப் கார்பாக்சிலேஸ் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கும். அந்த அமிலம் நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறைச் செல்களுக்குள் சென்று உடைந்து, ரூபிஸ்கோவைச் சூழ்ந்து கார்பன் டை ஆக்சைடைச் செறிவாக நிரப்பும். ஆக்சிஜனைப் பிடிக்கும் பிழைக்கு அங்கே இடம் மிகக் குறைவு. எனவே துளைகளைக் குறைவாகத் திறந்தாலும் போதுமான விளைச்சல் கிடைக்கிறது.

தேர்வுக்கு நினைவில் வைக்க வேண்டுமானால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சி-4 செடிகள் வேலையை இரண்டு இடங்களுக்குப் பிரிக்கின்றன, கேம் செடிகள் இரண்டு வேளைகளுக்குப் பிரிக்கின்றன. புன்செய் நிலத்தில் கம்பையும் சோளத்தையும் தேர்ந்தெடுத்த நம் முன்னோர்களுக்கு நொதிகளின் பெயர் தெரிந்திருக்கவில்லை என்றாலும், குறைந்த நீரில் எது விளையும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மதிப்புண்டு.

பருப்புக்கீரை சி-4, கேம் ஆகிய இரண்டு முறைகளையும் ஒருசேரச் செய்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். சி-4 வேகமாக வளர்வதற்கும் கேம் சிக்கனமாக வாழ்வதற்கும் ஏற்பட்டவை என்றால், இரண்டும் ஒரே இலையில் எப்படி இருக்க முடியும்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

இந்த மாதக் கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி இதுதான். ஏனெனில் இந்தத் துறையிலேயே மிகச் சுவையான விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

வாய்க்கால் ஓரத்திலும் தோட்டத்துக் களையாகவும் முளைக்கும் அந்தச் சாறுள்ள சிவப்புத் தண்டுக் கீரை, தண்ணீர் கிடைக்கும் நாட்களில் முழுமையான சி-4 செடியாகச் செயல்பட்டு விரைந்து வளர்கிறது. தண்ணீர் குறைந்தால் இரவில் அமிலம் சேர்க்கும் கேம் முறையையும் தொடங்குகிறது. மழை பெய்ததும் அதை நிறுத்திவிடுகிறது. இப்படிச் செய்வது 1980 வாக்கிலேயே கண்டறியப்பட்டது. ஆனால் இரண்டும் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடாதபடி இலையின் வெவ்வேறு செல்களில் தனித்தனியே நடப்பதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. இரண்டும் ஒரே நொதிகளைப் பயன்படுத்துவதால், ஒரே செல்லில் இரண்டையும் நடத்தினால் குழப்பம் ஏற்படும் என்பது பொதுவான எண்ணம்.

2022இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா எட்வர்ட்ஸ் தலைமையிலான குழு, இலையின் எந்தச் செல்லில் எந்த மரபணு எந்த வேளையில் செயல்படுகிறது என்பதைப் பார்த்து, இந்தக் கருத்தைத் திருத்தியது. பருப்புக்கீரையில் இரண்டு முறைகளும் ஒரே செல்களில், ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து நடக்கின்றன. இரவில் கேம் முறையில் சேர்த்த அமிலம், பகலில் சி-4 பாதைக்குள்ளேயே சென்று சேர்ந்து, கற்றை உறைச் செல்களில் உள்ள ரூபிஸ்கோவுக்குக் கார்பனைத் தருகிறது. குழப்பம் ஏற்படும் என்று அறிவியலாளர்கள் எண்ணிய இடத்தில், செடி இரண்டையும் ஒரே ஓட்டத்தில் இணைத்துவைத்திருக்கிறது.

இதன் பயன் எங்கே என்றால், மக்காச்சோளமும் சோளமும் ஏற்கெனவே சி-4 செடிகள். அவற்றில் புதிதாக ஒரு முழு ஒளிச்சேர்க்கை முறையைக் கட்டியெழுப்புவதைவிட, வறட்சி வரும்போது மட்டும் இரவுச் சேமிப்பையும் கூடுதலாகத் தொடங்கும்படி செய்வது எளிதாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்குப் பருப்புக்கீரை ஒரு வாழும் சான்று. அந்த இலக்கு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது; ஆனால் இயலுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு ஒரு களைச்செடி விடை வைத்திருக்கிறது.

அப்படியானால் கேம் மரபணுவை எடுத்து நெல்லில் வைத்துவிடலாமே? காவிரித் தண்ணீருக்கு ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்க வேண்டாமல் போகுமே. ஏன் இன்னும் செய்யவில்லை?
– விவசாயி, மன்னார்குடி

ஆண்டுதோறும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துக்கொண்டு காத்திருப்பவரின் கேள்வி இது என்பதை உணர்ந்தே பதில் எழுதுகிறேன். ஆகவே நம்பிக்கையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

முதலில், 'கேம் மரபணு' என்று தனியாக ஒன்று இல்லை. இன்னும் வியப்பான செய்தி, கேம் முறைக்குத் தேவையான நொதிகளுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் நெல்லிலும் இருக்கின்றன என்பது. பெப் கார்பாக்சிலேஸ் நெல்லிலும் உண்டு. அங்கே அது வேறு சிறு வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. கேம் செடிகளில் மாறியிருப்பது அவற்றின் அளவும், அவை செயல்படும் நேரமும்தான். இயற்கை பலமுறை தனித்தனியே இதை உருவாக்க முடிந்ததற்கும் இதுவே காரணம்: கையில் இருந்த கருவிகளையே எடுத்து, புதிய கால அட்டவணைக்குள் அடுக்கியிருக்கிறது.

அந்தக் கால அட்டவணைதான் கடினமானது. இரவில் வாயுவைப் பிடிக்கும் நொதியும் பகலில் அமிலத்தை உடைக்கும் நொதியும் ஒரே வேளையில் செயல்பட்டால், சேர்த்ததைச் சேர்த்த இடத்திலேயே இழந்துகொண்டிருக்க வேண்டியதுதான். செடியின் உள்ளே இருக்கும் நாட்கடிகாரம் இதைப் பார்த்துக்கொள்கிறது. கேம் செடிகளில் மாலை கவிந்ததும் பெப் கார்பாக்சிலேஸ் மீது ஒரு பாஸ்பேட் அணுத்தொகுதி ஏறுகிறது. அது ஏறியபின், சுற்றிலும் அமிலம் சேர்ந்தாலும் நொதி ஓய்வதில்லை. விடிந்ததும் அந்தப் பாஸ்பேட் இறங்கிவிடுகிறது, நொதியும் அடங்கிவிடுகிறது. 2015இல் அன்னாசியின் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டபோது, இரவில் இந்த வேலைக்கு உதவும் சில மரபணுக்களின் முன்பகுதியில் நாட்கடிகாரத்தின் கட்டளையை ஏற்கும் குறிகள் இருப்பது தெரிந்தது. 2017இல் ரணகள்ளியின் நெருங்கிய உறவான ஒரு செடியின் மரபணுத் தொகுதியும் வெளியானது. பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2020இல், இந்த இனத்தின் இன்னொரு செடியில் முக்கியமான பெப் கார்பாக்சிலேஸ் மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள்; இரவில் வாயுவை உள்வாங்குவது நின்றுபோனது.

இரண்டாவது தடை இலையின் அமைப்பு. அமிலத்தைச் சேர்த்துவைக்கப் பெரிய செல்களும் தடித்த இலையும் வேண்டும். நெல் இலையோ காகிதம் போல் மெலிந்தது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஜான் குஷ்மன் குழுவினர், செல்லைப் பெரிதாக்கும் திராட்சை மரபணு ஒன்றை அரபிடாப்சிஸ் என்ற சிறிய ஆய்வகச் செடியில் வைத்து, இலைகள் தடித்ததையும், அதே நீரில் அதிக வளர்ச்சி கிடைத்ததையும், வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறன் கூடியதையும் காட்டினார்கள். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் உள்ளிட்ட வேறு குழுக்களும் 2012 முதல் இந்தத் திசையில் பாடுபட்டுவருகின்றன. ஆனால் வயலில் விதைக்கக்கூடிய கேம் பயிர் ஒன்றை இதுவரை யாரும் உருவாக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: நெல்லைச் சி-4 செடியாக மாற்றும் பன்னாட்டு முயற்சி 2008 வாக்கிலேயே பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை மையமாகக் கொண்டு தொடங்கியது, அதுவும் இன்னும் விவசாயியின் கைக்கு விதையாக வரவில்லை.

மூன்றாவதாக, கேம் செடிகளுள் பலவற்றுக்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இரவு வெப்பம் உயர்ந்தால் அமிலச் சேமிப்பு குறைகிறது. சித்திரை, வைகாசி இரவுகளின் புழுக்கத்தை எண்ணும்போது, நம் சமவெளிக்கு இது சிறிய தடையன்று.

என் கருத்தைக் கேட்டால், இதில் முதலில் பலன் காண வேண்டிய பயிர் நெல் அன்று. தேங்கிய நீரிலேயே வாழப் பழகிய செடியைக் கள்ளியின் வழிக்குத் திருப்புவது மிக நீண்ட பாதை. வறண்ட காலத்தில் மட்டும் கேம் முறைக்கு மாறி, மழை வந்ததும் பழைய முறைக்குத் திரும்பும் ஏற்பாடுதான் விவசாயிக்கு உதவும். விளைச்சலை நிரந்தரமாகக் குறைத்துக்கொண்டு தண்ணீரை மிச்சப்படுத்துவதை யாரும் ஏற்க மாட்டார்கள். 'பனிச்செடி' என அழைக்கப்படும் ஆப்பிரிக்கச் செடி ஒன்று உப்போ வறட்சியோ தாக்கியவுடன் சில நாட்களில் சி-3 முறையிலிருந்து கேம் முறைக்கு மாறுகிறது. அந்த மாற்றம் எப்படித் தொடங்குகிறது என்பதைப் படிப்பதற்கே அரை நூற்றாண்டு உழைப்பு செலவாகியிருக்கிறது. உங்கள் வயலுக்கு இன்றைக்கு உதவக்கூடியவை காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர் நிர்வாகமும், குறுகிய கால ரகங்களும்தான். மரபணு ஆய்வின் பலன் வரும்வரை அவற்றை ஒத்திப்போட வேண்டாம்.

பாம்புக் கற்றாழை இரவில் ஆக்சிஜன் வெளியிடும், படுக்கையறையில் வைக்கலாம் என்று நர்சரியில் சொல்லி விற்கிறார்கள். அரசமரமும் இரவு முழுவதும் ஆக்சிஜன் தருமாமே, உண்மையா?
– தகவல் தொழில்நுட்பப் பணியாளர், கோயம்புத்தூர்

உண்மை இல்லை. பாம்புக் கற்றாழை கேம் செடிதான். இரவில் கார்பன் டை ஆக்சைடை உள்வாங்குவதும் உண்மை. ஆனால் ஆக்சிஜன் வெளிவருவது தண்ணீர் மூலக்கூறு உடையும்போது. தண்ணீரை உடைக்க ஒளி வேண்டும். இருட்டில் எந்தச் செடியும் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. இரவில் வாயுவை உள்வாங்குவதையும் ஆக்சிஜன் வெளியிடுவதையும் யாரோ ஒன்றாக்கிவிட்டார்கள். அரசமரத்துக்கும் இதே விடைதான். அதன் நிழலுக்கும் காற்றுக்கும் உள்ள பெருமை அந்தக் கூற்று இல்லாமலேயே நிற்கும். பாம்புக் கற்றாழையைத் தாராளமாக வளருங்கள், அடிக்கடி தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் நெடுநாள் வாழும். ஆனால் ஓர் அறையின் காற்றை மாற்றுவதற்கு இரண்டு தொட்டிச் செடிகள் போதா. சன்னலைத் திறந்துவைப்பதே வழி.

முள்ளில்லாத கள்ளியை மாட்டுத் தீவனமாக வளர்க்கலாம் என்கிறார்கள். எங்கள் பகுதியில் கோடையில் வைக்கோல் விலைக்கும் கிடைப்பதில்லை. நம்பி இறங்கலாமா?
– கால்நடை வளர்ப்பவர், ராமநாதபுரம்

புதிய மரபணுப் பயிருக்காகக் காத்திருக்காமல், ஏற்கெனவே உள்ள கேம் செடியைப் பயன்படுத்தும் இந்த எண்ணத்தை நான் மனமார வரவேற்கிறேன். வடகிழக்கு பிரேசிலின் வறண்ட பகுதியில் லட்சக்கணக்கான ஹெக்டேரில் சப்பாத்திக்கள்ளி வகையைச் சேர்ந்த இந்தக் கள்ளி தீவனமாகவே பயிராகிறது. நம் நாட்டில் ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும், மத்தியப் பிரதேசத்தின் அம்லாஹாவில் உள்ள வறண்ட நில வேளாண்மைக்கான பன்னாட்டு ஆய்வு மையமும் இதில் பணியாற்றுகின்றன. நீரும் உரமும் குறைவில்லாமல் கொடுத்த சோதனைத் திடல்களில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 40 டன்னுக்கு மேல் உலர் பொருள் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணை உங்கள் நிலத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள். மானாவாரியில் அதைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும்.

தீவனமாகக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மடலில் பத்தில் ஒன்பது பங்கு வரை தண்ணீர்தான். கோடையில் மாட்டின் தாகத்தையும் அது தணிக்கிறது என்பது நல்லதே. புரதம் மிகக் குறைவு. கள்ளியை மட்டும் கொடுத்தால் மாடு கழியும். வைக்கோல் அல்லது சோளத்தட்டை, அதோடு அகத்தி, வேலிமசால் போன்ற பயறுவகைத் தழை அல்லது புண்ணாக்கு, இவற்றோடு நறுக்கிக் கலந்தே போட வேண்டும். நடும்போது வெட்டிய மடலை ஓரிரு வாரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் ஆறிய பிறகு நட வேண்டும். ஈரமாக நட்டால் அழுகிவிடும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வராது. ஆடு மாடு வாய்வைக்காதபடி முதல் ஆண்டில் வேலியும் தேவை.

இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டுச் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் கள்ளித் தோட்டமே அமைத்திருந்தார். பின்னர் கள்ளி தென்னிந்திய நிலங்களை ஆக்கிரமித்துப் பெருந்தொல்லையானபோது, அதை உண்ணும் செதில்பூச்சி ஒன்றை 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1920களில் 2.4 கோடி ஹெக்டேர் வரை கள்ளி பரவியிருந்தது. தண்ணீரில்லாமல் வாழத் தெரிந்த செடி, விட்டால் எல்லா இடத்திலும் வாழும். முள்ளில்லாத தீவன ரகம் அந்த அளவுக்குப் பரவாது என்றாலும், விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளில் முள் திரும்பத் தலைகாட்டலாம். பழம் பழுத்து விழ விடாதீர்கள். அதே செதில்பூச்சி 2014 முதல் மொராக்கோவில் கள்ளித் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது என்பதையும் நினைவில் வைத்து, மடலில் வெள்ளைப் பஞ்சு போன்ற புள்ளிகள் தெரிகின்றனவா என்று அடிக்கடி பாருங்கள். முதலில் பத்து சென்ட் நிலத்தில் தொடங்கி, இரண்டு கோடைகள் பார்த்துவிட்டுப் பரப்பைக் கூட்டுவது நல்லது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்ட எளிய சோதனை ஏதேனும் உண்டா? எங்கள் பள்ளியில் பெரிய கருவிகள் இல்லை.
– அறிவியல் ஆசிரியை, அறந்தாங்கி

பெரிய கருவி தேவையில்லை. ரணகள்ளிச் செடி ஒன்று, உரல் உலக்கை போன்ற சிறு கலுவம், பினாப்தலீன் என்ற நிறங்காட்டி, மிக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு சொட்டுக்குழாய் ஆகியவை போதும். சோடியம் ஹைட்ராக்சைடைக் கையாளும் வேலையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை, செடியின் ஒரு சில இலைகளைக் கறுப்புக் காகிதத்தாலோ அலுமினியத் தாளாலோ வெளிச்சம் புகாமல் மூடிவிடுங்கள். மறுநாள் விடியும்போது, மூடாத இலைகளில் ஒன்றிலிருந்து 2 கிராம் வெட்டி, 20 மில்லிலிட்டர் தண்ணீரில் அரைத்து, துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆற விடுங்கள். கொதிக்கவைத்தால் சாற்றிலிருக்கும் நொதிகள் செயலிழந்துவிடும். அமிலத்தின் அளவு மாறாமல் இருக்கும். ஆறிய சாற்றில் இரண்டு சொட்டுப் பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு நிறம் தோன்றி நிலைக்கும்வரை சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணச் சொல்லுங்கள். அன்று மாலை 4 மணிக்கு மேல், வெயிலில் இருந்த இலையிலும் மூடிவைத்த இலையிலும் தனித்தனியே இதையே செய்யுங்கள். வெயில்பட்ட இலைக்குச் சில சொட்டுகளே போதுமானதாக இருக்கும். மூடிவைத்த இலையோ காலைக் கணக்குக்கு நெருக்கமான சொட்டுகளைக் கேட்கும். ஏன் அப்படி என்று நீங்கள் சொல்லிவிடாமல், மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.